பாதையின் ஹக்கும் நடைபாலமும்

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். பாதைக்கென்று ஒரு ஹக்கு உண்டு. பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அந்த ஹக்கில் அடங்கும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையே. ஆனால் முள்ளும் கல்லும் கிடந்த இடத்திலேயே கிடப்பவை. குனிந்தெடுத்து அப்பால் போட்டுவிடலாம். மணிக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து வரும் தீங்கை யார் குனிந்தெடுப்பது? எடுக்க இயலாதெனில், அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அறமாகுமா? இக்கேள்வியை இன்று நம் ஊர்களின்முன் வைத்திருப்பவை நெடுஞ்சாலையும், அதன்மேல் கட்டக் கருதப்படும் நடைபாலமும் ஆகும்.

டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு மாநகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் 1999-இல் தொடங்கப்பட்டது. அதன் மொத்த நீளம் 5,846 கிலோமீட்டர். அதில் சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பகுதி, பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூர் போன்ற தோல் தொழில் ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. முன்னாளில் இத்தகைய ஊர்களின் வழியாகச் சென்ற சாலை, ஊருக்கே கடைத்தெருவாகவும் விளங்கிற்று. அது பலவழி நெடுஞ்சாலையாக விரிந்தபின், வீடு ஒருபுறமும் பள்ளிக்கூடம் மறுபுறமும், தொழிற்சாலை ஒருபுறமும் பேருந்து நிறுத்தம் மறுபுறமுமாக ஊர் இரண்டுபட்டது. ஊர் இரண்டுபட்டாலும் ஊராரின் தேவைகள் இரண்டுபடவில்லை. ஆகவே அவர்கள் நாள்தோறும் கடக்கிறார்கள்.

கடப்பதன் விலை சிறிதன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர்; அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே. எனினும் மாண்டவர்களில் 61,038 பேர் அவற்றிலேயே உயிர் நீத்தனர். இவ்வெண்களை நாம் எழுதுவது அச்சுறுத்துவதற்காக அன்று. நடைபாலத்தைப் பற்றிய வாதம் வசதியைப் பற்றிய வாதம் அன்று, உயிரைப் பற்றியது என்பதை முதற்கண் நினைவிற் கொள்வதற்காகவே.

அண்மையில், நெடுஞ்சாலையோரத்து ஊரொன்றில் இப்பொருள் குறித்துக் கூடிய கூட்டத்துக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். சாலையைக் கடக்க ஒரு நடைபாலம் அமைக்கலாமா, அமைத்தால் எவ்விடத்தில் என்பதே பேசுபொருள். பிள்ளைகளைப் பெற்ற ஒருவர் எழுந்து, “பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேரும்வரை தாயின் நெஞ்சு நெஞ்சாக இல்லை. எப்படிப்பட்ட பாலமானாலும் சரி, உடனே கட்டட்டும்” என்றார். கடைக்காரர் ஒருவர், பாலம் வந்தால் நடுச்சாலையில் வேலியும் வரும், எதிர்ப்புறத்து வாடிக்கை அற்றுப்போகும் என்று வருந்தினார். படிப்பு முடித்த இளைஞர் ஒருவர், நெடுஞ்சாலையில் விளக்குச் சமிக்ஞை வைத்தால் விரைந்து வரும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்று மோதிக்கொள்ளும் என்றார். வாகனம் வைத்திருக்கும் மற்றொருவர், மக்கள் இருபுறமும் பார்த்து நிதானமாகக் கடந்தால் பாலமே தேவையில்லை என்றார். இறுதியில் முதியவர் ஒருவர் நம்மை நோக்கி, “ஹஸ்ரத்! ஸஜ்தாவுக்கே மடங்காத இந்த முழங்கால் நாற்பது படிக்கு மடங்குமா?” என்று கேட்டார். சபை சற்று நேரம் அமைதியாயிற்று.

அவர்கள் அனைவரும் கூறியவற்றில் உண்மை உண்டு. ஆயினும் நம் கருத்தைக் கவர்ந்தது, அங்கே பேசப்படாத ஒன்று. பேசியவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனங்களில் வந்திருந்தார்கள். காலையும் மாலையும் அச்சாலையைக் கால்நடையாகக் கடப்பவர்களோ, காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களும், பள்ளி மாணவியரும், மக்தபுக்குச் செல்லும் சிறார்களும், தலைச்சுமையோடு சந்தைக்கு வரும் எளியோரும் ஆவர். அவர்களில் ஒருவரும் அச்சபையில் இல்லை. கால்களின் காரியத்தைச் சக்கரங்கள் கூடி ஆலோசித்தன என்று சொன்னால் மிகையாகாது.

இனி, பாதை யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். நம் ஃபிக்ஹு மேதைகள் இதனை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார்கள். பொதுப் பாதையில் செல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு. நடப்பவர்க்கும் உண்டு, ஊர்ந்து செல்பவர்க்கும் உண்டு. ஆனால் அவ்வுரிமை நிபந்தனையற்றதன்று. தவிர்க்கக்கூடிய தீங்கைப் பிறருக்கு இழைக்காதிருத்தல் அதன் நிபந்தனை. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றது. ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’, இவ்விதியைச் சவாரி செய்பவனுக்குப் பொருத்திக் காட்டுகிறது. பாதையில் செல்லும்போது மிருகம் தன் முன்னங்கால்களால் ஒருவரை மிதித்துவிட்டால் சவாரி செய்பவன் பொறுப்பாளி. ஓடும் நிலையில் பின்னங்காலால் உதைத்துவிட்டால் பொறுப்பில்லை. காரணம் எளிது. முன்னே இருப்பதை அவன் காண்கிறான், கடிவாளமும் அவன் கையில் இருக்கிறது. பின்னே நிகழ்வதை அவனால் தடுக்க இயலாது. தடுக்க இயன்றவன் எவனோ, பொறுப்பு அவனுடையது.

இக்காலத்து மோட்டார் வாகனத்துக்குக் கடிவாளம் இல்லையா? இருக்கிறது; வேகந்தான் அது. சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 20 மீட்டர் பாய்கிறது. ஒருபுறத்து ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க நல்ல உடல்நிலை உள்ளவருக்கு ஏறத்தாழ ஆறு விநாடி வேண்டும். அதற்குள் அவ்வாகனம் 120 மீட்டர் வந்துவிடும். தள்ளாடி நடப்பவருக்கு ஒன்பது விநாடி ஆகுமெனில், 180 மீட்டர் வந்துவிடும். அத்துணைத் தொலைவிலிருந்து வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்க ஏழு வயதுப் பிள்ளையால் இயலுமா? கண்ணொளி மங்கிய மூதாட்டியால்தான் இயலுமா? அவ்வாகனமே பாதி வேகத்தில் வந்தால் அதே ஆறு விநாடியில் 60 மீட்டரே வரும். அதன் மோதல் ஆற்றலோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே “இருபுறமும் பார்த்துக் கடக்கட்டும்” என்னும் அறிவுரை, இயலாதவனிடம் இயலாததைக் கேட்கிறது. இயன்றவனிடம் இயன்றதைக் கேட்க மறந்துவிடுகிறது.

வேகம் இயற்கையின் நியதியன்று. மனிதர் வகுத்த வரம்பு. 2018-இல் மத்திய அரசு, நான்குவழி நெடுஞ்சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டராகவும், விரைவுச் சாலைகளில் 120 கிலோமீட்டராகவும் உயர்த்தி அறிவித்தது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்பு செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஒரே வேகத்தை ஓர் அதிகார பீடம் வளர்ச்சி என்று கண்டது. மற்றொன்று ஆபத்து என்று கண்டது. வேகம் வாதத்துக்குரிய பொருள்தான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இப்போது பாலத்தை அளந்து பார்ப்போம். நெடுஞ்சாலையின்மேல் கட்டப்படும் எதற்கும் கீழே ஐந்தரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இடிபடாமல் செல்வதற்கே அது. தளத்தின் கனத்தையும் சேர்த்தால் நடப்பவர் ஏறவேண்டியது ஏறத்தாழ ஆறு மீட்டர்; பதினைந்து சென்டிமீட்டர்ப் படிகளாயின் நாற்பது படி. ஏறிய நாற்பதையும் இறங்கவேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவருக்குச் சாய்தளம் வேண்டுமெனில், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் சரிவுக் கணக்கில் 72 மீட்டர் நீளம் தேவை; மறுபுறமும் அவ்வளவே. முப்பது மீட்டர் அகலத்தைக் கடக்க அவர் ஏறத்தாழ 175 மீட்டர் செல்லவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பொது இடங்களில் தடையற்ற வழி வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தை மதித்தால் பாலம் நீள்கிறது. மதியாவிட்டால் அது இயன்றவர்க்கு மட்டுமே உரிய பாலமாகிவிடுகிறது.

பாதையின்மேல் எழுப்பப்படும் கட்டுமானத்தின் உயரத்தை நம் முன்னோரும் அளந்தார்கள். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், வீட்டிலிருந்து பொதுப் பாதையின்மேல் நீட்டப்படும் மாடம் பற்றிய சட்டம் வருகிறது. வழிச்செல்வோருக்கு இடையூறு செய்யும் எதற்கும் அங்கே அனுமதியில்லை. மாடத்தின் அடியில் மனிதன் தலை நிமிர்ந்து செல்ல இடம் இருக்கவேண்டும். அவன் தலைச்சுமையோடும் தட்டுப்படாமல் செல்லவேண்டும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். அப்பாதையில் வணிகக் கூட்டங்கள் செல்லுமாயின், கூடாரக் கழிகளுடன் கூடிய அம்பாரியைச் சுமந்த ஒட்டகம் செல்லுமளவுக்கு உயரம் வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒட்டகத்தின் உயரத்தைக் கணக்கிட்ட அந்த இமாம்கள், ஒட்டகத்துக்காக மனிதனை மாடியேறச் சொல்லவில்லை. இருவருக்கும் இடமளிக்குமாறு கட்டுமானத்தையே திருத்தினார்கள். நம் நடைபாலத்தின் ஐந்தரை மீட்டரில் ஒட்டகத்தின் கணக்கு இருக்கிறது; தலைச்சுமைக்காரியின் கணக்கு எங்கே?

இதனினும் பெரிய கவலை ஒன்று நமக்கு உண்டு. பாலம் கட்டி முடிக்கப்பட்ட அன்றே, பழி இடம் மாறிவிடுகிறது. பாலம் இல்லாத சாலையில் ஒருவர் அடிபட்டு இறந்தால், ‘இவ்வளவு பேர் கடக்குமிடத்தில் ஒரு வழியும் செய்யவில்லையே’ என்று ஊர் பேசும். பாலம் இருக்கும் சாலையில் இறந்தால், ‘பாலம் இருந்தும் ஏறவில்லையே’ என்றே பேசும். இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் கவனக்குறைவைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கோரும் வாதம் நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. ஓட்டுபவர் முன்னினும் விரைந்து ஓட்டுவார். தமக்கு வழி விடப்பட்டது என்று அவர் எண்ணுவார். முழங்கால் மடங்காமல் கீழே கடந்த முதியவர், இறந்தும் குற்றவாளியாவார். உயிரைக் காக்கக் கட்டிய பாலம், உயிரிழந்தவன்மீது குற்றம் சுமத்தும் சாட்சியாக மாறுவது எத்துணைக் கொடுமை!

யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தம்மிடம் விசாரணை வருமே என ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக அறிவிக்கப்படும் செய்தி நம் மேடைகளில் அடிக்கடி கேட்பதே. அதில் ஒரு நுட்பம் உண்டு. கழுதை கண்ணைத் திறந்து நடந்திருக்கவேண்டும் என்று அவர்கள் கூறவில்லை. விழுந்தது எது என்பதைவிட, விழ வைத்தது எது என்பதையே நோக்கினார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பேணாததால் உயிர்ச்சேதமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகிறது. தொகை சிறிதாயினும் கொள்கை பெரிது. பாதை செய்தவனும் கேள்விக்கு உட்பட்டவன் என்பதே அக்கொள்கை.

அப்படியாயின் பாலம் வேண்டாம் என்பதா நம் முடிவு? அன்று. நீதி முழுமையாக வரும்வரை பிள்ளைகளை லாரிகளின் முன் நிறுத்தி வைக்க எவருக்கும் உரிமையில்லை. நாளைக் காலை பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைக்கு நாளைக் காலையே பாதுகாப்பு வேண்டும். அந்தத் தந்தையின் சொல்லை அலட்சியம் செய்பவன், நீதியின் பெயரால் இரக்கத்தை இழந்தவன் ஆவான். நெடுஞ்சாலையில் செல்வோர் அனைவரும் செல்வந்தரும் அல்லர். பேருந்தில் எளியோர் செல்கின்றனர். நோயாளியைச் சுமந்த ஆம்புலன்ஸ் செல்கிறது. நாம் உண்ணும் அரிசியும் அவ்வழியே வருகிறது. அவர்களின் வேகத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு. இரு ஹக்குகள் மோதும்போது, சுமையை யார்மேல் வைப்பது என்பதே அறத்தின் கேள்வி.

இதற்கு நம் விடை ஒன்றே. சுமையைத் தாங்க வல்லவன்மேல் வையுங்கள். ஆறு மீட்டர் ஏறுவது இயந்திரத்துக்கு ஒரு சொட்டு எரிபொருள். முதியவருக்கோ அது பெருந்துன்பம். ஆதலால் முதல் விருப்பம், வாகனங்கள் மேம்பாலத்தில் ஏறிச் செல்ல, ஊர் மக்கள் கீழே சமதரையில் கடப்பது. அதற்கு இடமோ பொருளோ இல்லையெனில், ஊர் எல்லைக்குள் வேகத்தை உண்மையாகவே குறைத்து, விளக்குச் சமிக்ஞையோடு தரையிலேயே கடக்கும் வழி செய்வது. சமிக்ஞை திடீரென எதிர்ப்பட்டால் லாரிகள் மோதிக்கொள்ளும் என்னும் அந்த இளைஞரின் அச்சம் நியாயமானதே. அதற்குரிய விடை, சமிக்ஞைக்கு வெகு தொலைவிலிருந்தே வேகத்தைப் படிப்படியாகத் தணித்துக் கொண்டுவருவதாகும். அதுவும் இயலாத அகன்ற சாலையாயின், அப்போது நடைபாலம். அது மூன்றாவது இடம் என்பதை அறிந்தே அதனை ஏற்கவேண்டும். முதலிடம் என்று நம்பி மகிழலாகாது.

ஏற்கும்போது சில நிபந்தனைகளை ஊரார் விடாப்பிடியாகக் கேட்கவேண்டும். பாலத்தை அளக்கும் அளவுகோல், ஊரிலேயே மெதுவாக நடப்பவராக இருக்கட்டும். அவர் ஏற இயன்றால் அனைவரும் ஏறுவர். சாய்தளமும் லிப்டும் அலங்காரம் அல்ல, அவையே பாலம். சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுடையது. அதில் லிப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட பயணியை, அவர் போகவேண்டிய இடத்துக்கே மேலேயே அது அழைத்துச் செல்கிறது. மனிதர் நடக்கும் வழியிலேயே அமைந்த பாலத்தை மனிதர் நாடுவர். நிலம் கிடைத்த இடத்தில், கால் கிலோமீட்டர் தள்ளி அமைந்த பாலத்தைச் சுவரொட்டிகளே நாடும்.

அடுத்து, இரவில் வெளிச்சம் வேண்டும். மாலைப் பணி முடிந்து வரும் பெண், இருண்ட பாலத்தைக் காட்டிலும் ஓடும் லாரியே மேல் என்று கருதினால், அவள்மீது குற்றமில்லை. கட்டியபின் பேணவும் வேண்டும். மும்பையில் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தருகே சாலையின்மேல் இருந்த நடைபாலம் 2019 மார்ச் 14 அன்று இடிந்து வீழ்ந்து உயிர்களைப் பலிகொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அது பரிசோதிக்கப்பட்டு, சிறு பழுதுகளே உள்ளன என்று கருதப்பட்டிருந்தது. பாலம் ஒரு அமானத். திறப்பு விழாவோடு அமானத் முடிவதில்லை. யாவற்றுக்கும் மேலாக, பாலம் வந்தபின்னும் ஊருக்குள் வேகக் கட்டுப்பாடு நீடிக்கவேண்டும். பாலம் என்பது நடப்பவருக்குச் செய்யும் உதவி. ஓட்டுபவருக்கு வழங்கும் விடுதலைப் பத்திரம் அன்று.

இவற்றை அரசிடம் கேட்கும் நாம், நம்மிடமும் சில கேட்கவேண்டும். மஷ்வரா என்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. யாருடைய காரியமோ அவர்களிடம் கேளாமல் நடக்கும் மஷ்வராவுக்கு அப்பெயர் பொருந்துமா? பெண்கள் கூட்டத்துக்கு வரத் தயங்கினால், தொழிற்சாலை வாசலிலும் பள்ளி வாசலிலும் சென்று கேட்கலாம். எங்கே கடக்கிறீர்கள், எந்நேரத்தில் அஞ்சுகிறீர்கள், எத்தனை படி ஏறுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வாரம் போதும். இன்னும், நடப்பவருக்காகச் சாலையோரத்தில் விடப்பட்ட இடத்தில் கடைச் சரக்கைப் பரப்பி அவரை நடுச்சாலைக்குத் தள்ளுபவர் யார்? ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முகப்பெங்கும் வாகனங்களை நிறுத்தி, வழியை அடைப்பவர் யார்? தொழுகைக்கு விரையும் அவசரத்தில் பாதையின் ஹக்கை மிதித்துவிட்டு, உள்ளே சென்று எந்த ஹக்கை நிறைவேற்றப் போகிறோம்?

பாலம் கட்டுவதும் கிணறு தோண்டுவதும் நிலையான தர்மங்கள் என்று போற்றும் சமுதாயம் நம்முடையது. ஆனால் தர்மத்துக்கும் ஹக்குக்கும் வேறுபாடு உண்டு. தர்மம் கொடுப்பவன் மனம்போல் கொடுப்பது. ஹக்கு பெறுபவனுக்கு உரியதைத் திருப்பித் தருவது. தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு உயிரோடு சென்று மீள்வது, ஒரு பிள்ளை எவரிடமும் இரந்து பெறவேண்டிய தர்மம் அன்று. அது அப்பிள்ளையின் ஹக்கு. அந்த ஹக்கைப் படிக்கட்டாகக் கொடுப்பதா, சமதரையாகக் கொடுப்பதா என்பதை ஊருக்கு ஊர் முடிவு செய்துகொள்ளலாம். கொடுக்கவேண்டியது கடன் என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. எந்த முடிவானாலும், அதைச் செய்யுமுன் ஒருமுறை ஊர்ப் பெரியவர்கள் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு, மாலை நேரத்தில், கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அச்சாலையை நடந்து கடந்து பார்க்கட்டும். அதன்பின் கூடும் சபையில் பேச்சு குறையும், தெளிவு மிகும். வல்ல நாயன் நம் வழிகளையும், அவற்றில் நடப்போரையும் காப்பானாக.